பின்சக்கரக் கிளச் ஏன் சூடானது? ஒரு சிறிய கிராஸ்ஓவர் காரின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு சிறிய கிராஸ்ஓவர். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சிவிடி எனும் படிகளில்லாத தானியங்கி கியர்பாக்ஸ். சாதாரணமாக முன்சக்கரம் இழுக்கும். தேவைப்படும்போது பின்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். வயது எட்டு. சிஓஇ, அதாவது காரை வைத்துக்கொள்வதற்கான உரிமச் சான்றிதழ், முடிய இன்னும் இரண்டு வருடம். உரிமையாளர் சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

புகார் இரண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார்ப்பேட்டையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது பின்பக்கத்திலிருந்து டுக்கு டுக்கு என்று ஓர் உதறல். காலையில் முதல் தடவை எடுக்கும்போது அதிகம், போகப்போகக் குறைவு. இன்னொன்று கொஞ்சம் பயமுறுத்தும் வகை. குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனபோது, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பாகோ தாண்டியதும் நான்கு சக்கர ஓட்டத்துக்கான எச்சரிக்கை விளக்கு மினுங்க ஆரம்பித்தது. ஆயர் கெரோ ஓய்விடத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் விளக்கு இல்லை. மறுபடி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடியதும் திரும்ப வந்தது.

ஊர் திரும்பியதும் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பின்பக்கக் கப்ளிங் (பின்சக்கரங்களை இணைக்கும் கிளச்) போய்விட்டது, மாற்ற 4,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்களாம். தெரிந்தவர் ஒருவர், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் முன்சக்கர வண்டியாகவே ஓட்டலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

“ரெண்டு வருஷத்துக்காக நாலாயிரம் வெள்ளி போடணுமா தம்பி?”

“முதல்ல என்னன்னு பார்ப்போம் டீச்சர். அப்புறம் காசைப் பத்திப் பேசலாம்.”

உள்ளே என்ன நடக்கிறது

இந்த வகைக் காரில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து சக்தி நேராக முன்சக்கரங்களுக்குப் போகிறது. அதே இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு ஜோடி சாய்வுப் பற்சக்கரம் சுழற்சியைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பின்னால் அனுப்புகிறது. அங்கிருந்து ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் எனும் நீண்ட சுழல்தண்டு வண்டியின் அடிவயிறு முழுக்க ஓடி, பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) முன்னால் இருக்கும் கிளச்சில் முடிகிறது. முழு விஷயமும் இந்தக் கிளச்தான்.

அதற்குள் மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒன்றுவிட்ட ஒரு தகடு ஷாஃப்ட்டோடு சுற்றும். மற்றவை பின்சக்கரத்துப் பக்கத்தோடு சுற்றும். எல்லாம் எண்ணெயில் நனைந்தபடி. தகடுகளை அழுத்தாவிட்டால் ஷாஃப்ட் தன்பாட்டுக்குச் சுற்றும், பின்சக்கரம் சும்மா உருண்டு வரும். அழுத்தினால் அழுத்திய அளவுக்குப் பின்னால் முறுக்குவிசை போகும். டீச்சர் காரில் ஒரு சின்ன மின்மோட்டார் எண்ணெய் அழுத்தத்தை ஏற்ற, ஒரு பிஸ்டன் தகடுகளை நெருக்குகிறது. வேறு பல கார்களில் இந்த வேலையை மின்காந்தம் செய்கிறது: காந்தம் ஒரு சின்னக் கிளச்சை மட்டும் பிடிக்கும், அந்தப் பிடியால் இரண்டு வளையங்கள் ஒன்றுக்கொன்று லேசாகத் திரும்பும், நடுவில் இருக்கும் எஃகுக் குண்டுகள் சரிவில் ஏறிப் பெரிய தகடு அடுக்கை நெருக்கும். ஒரு சிறிய காந்தத்தை வைத்து இவ்வளவு பெரிய பிடியை எப்படி வாங்குகிறார்கள் என்று நான் இன்னும் ரசித்துப் பார்க்கும் வேலைப்பாடு அது.

இது ஒரே நாளில் வந்ததில்லை. முன்பு சிலிக்கோன் திரவம் நிரம்பிய கப்ளிங் இருந்தது. முன்சக்கரம் நழுவி, வேக வித்தியாசம் வந்து, திரவம் சூடாகிக் கெட்டியான பிறகுதான் பின்சக்கரத்துக்குச் சேதி போகும். 1995இல் வந்த முதல் ஹோண்டா சிஆர்-வி இரண்டு எண்ணெய் பம்புகளை வைத்தது. ஒன்று முன்சக்கரத்தோடும் மற்றொன்று பின்சக்கரத்தோடும் சுற்றும். வேகம் வேறுபட்டால் அழுத்தம் ஏறிக் கிளச் பிடிக்கும். 1998இல் சுவீடனின் ஹால்டெக்ஸ் கப்ளிங் ஆவ்டி டிடி, வோக்ஸ்வேகன் கோல்ஃப் கார்களில் வந்தபோது கணினி உள்ளே நுழைந்தது. இன்று பம்போ காந்தமோ, எதுவானாலும் உத்தரவு கணினியிலிருந்துதான்.

கணினி சறுக்கும்வரை காத்திருப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஆக்சிலரேட்டரை மிதித்தவுடனேயே, சக்கரம் நழுவுவதற்கு முன்பே, கிளச்சைக் கொஞ்சம் பிடித்துவிடும். வேகம் சீரானதும் விட்டுவிடும். ஸ்டீயரிங் எவ்வளவு ஒடிந்திருக்கிறது, வண்டி எவ்வளவு திரும்புகிறது, மிதி எவ்வளவு ஆழம், நான்கு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கதையின் முடிச்சு. கணினிக்குச் சாலை தெரியாது. சக்கரம் சுற்றும் வேகம் மட்டுமே தெரியும். நான்கு டயரும் ஒரே அளவு என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது.

விளம்பரத்தில் வரும் 50:50, அதாவது முன்னும் பின்னும் சரிபாதி விசை என்பது பற்றி ஒரு வார்த்தை. கிளச் முழுக்கப் பிடித்தால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் எவ்வளவு விசை இறங்குகிறது என்பதை அந்த நேரத்து டயர் பிடிமானம் முடிவு செய்கிறது.

அளந்து பார்த்தது

லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்னாலேயே சந்தேகம் வந்துவிட்டது. பின் டயர் இரண்டும் புதுசு, ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. முன் டயர் இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை. அளவி வைத்துப் பார்த்தால் முன்னால் 2.5 மில்லிமீட்டர், பின்னால் 7.5. அளவு நான்கிலும் 215/60 ஆர்17 என்றே எழுதியிருந்தது, ஆனால் பின் ஜோடி வேறு நிறுவனத்துடையது. கேமரன் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜோகூரில் ஒரு கடையில் போட்டதாம். உதறல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அதற்கு முன்பே லேசாக இருந்தது, டயர் போட்ட பிறகு அதிகமானது என்றார். விளக்கு வந்தது மட்டும் டயருக்குப் பிறகுதான்.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதுசைப் பின்னால் போடு என்பதுதான் சரியான பொது விதி. ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஆளால் அதைப் பிடிக்க முடியாது. முன்சக்கர வண்டியாக இருந்தால் அவர் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. நம் ஊர்ச் சட்டப்படியும் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் போதும், அந்த 2.5 மில்லிமீட்டர் டயரோடு பரிசோதனைக்குப் போயிருந்தாலும் தேய்மானத்துக்காக யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கிளச்சுக்கு அது மிக மோசமான சேர்க்கை. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் அது வேகமாகச் சுற்றும். முன்னால் தேய்ந்தது, பின்னால் புதுசு என்றால் நேர்ச்சாலையில்கூட முன்சக்கரம் பின்சக்கரத்தை முந்திக்கொண்டே சுற்றும். கணினியின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? முன்சக்கரம் நழுவுகிறது, பின்னால் விசை அனுப்பு என்றுதான்.

இந்த அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,170 மில்லிமீட்டர். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் 31 மில்லிமீட்டர் குறையும், அதாவது 1.4 சதவீதம். டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை நீளம் மாறாததால், ஓடும்போது உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறைவாகத்தான் வரும். சிலேத்தார் விரைவுச்சாலையில் ஸ்கேன் கருவியை மாட்டிக்கொண்டு சீரான வேகத்தில் ஓட்டியபோது முன்சக்கரங்கள் மணிக்கு 85 கிலோமீட்டர், பின்சக்கரங்கள் 84க்குச் சற்று மேல் என்று காட்டின. கணக்குக்குப் பொருந்தி வந்தது. நேர்ச்சாலை, மிதி லேசாக, காய்ந்த தரை: இந்த நிலையில் கிளச்சுக்குப் போகும் உத்தரவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே 20 சதவீதத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது, கிளச் வெப்பநிலையும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனது.

ஒரு சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். மணிக்கு 110 கிலோமீட்டரில் இந்த டயர் நிமிடத்துக்கு 845 முறை சுற்றுகிறது. ஒரு சதவீதம் என்றால் எட்டுச் சுற்று. ஷாஃப்ட் சக்கரத்தைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுவதாக வைத்துக்கொண்டால் கிளச் தகடுகளுக்கு நடுவில் நிமிடத்துக்கு 20 சுற்று உராய்வு. கிளச் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைப் பிடித்திருந்தால் அங்கே பிறக்கும் வெப்பம் 300 வாட்டுக்கு மேல். ஒரு சின்ன ரைஸ் குக்கரைப் பின் அச்சில் கட்டிவிட்டு, உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலிருந்து கேமரன் மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் அணைக்காமல் ஓட்டுவதுபோல. அதைத் தாங்க உள்ளே இருப்பது ஒன்றரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய். வெப்பம் வரம்பைத் தாண்டியதும் கணினி கிளச்சை விட்டுவிட்டு விளக்கைப் போடுகிறது. நின்று ஆறினால் மறுபடி வேலைக்கு வருகிறது. ஆயர் கெரோவில் விளக்கு அணைந்ததற்குக் காரணம் இதுதான். சிங்கப்பூருக்குள்ளே ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்பதும் புரிந்துவிடுகிறது. இந்தத் தீவில் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் ஓட இடம் எங்கே இருக்கிறது?

சில கார்களில் விளக்கு மினுங்கும் விதத்திலேயே சேதி இருக்கும். நிசானில் வேகமாக மினுங்கினால் எண்ணெய் சூடு. மெதுவாக மினுங்கினால் சக்கர வேகங்களில் பெரிய வித்தியாசம், டயரைப் பார் என்று அர்த்தம். வண்டியோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

மாற்றிப் போட்டுப் பார்த்தது

சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், 4,000 வெள்ளி உதிரிபாகத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நிரூபணம் வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருந்தது: முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாட்டுவது. கிளச்சில்தான் கோளாறு என்றால் எதுவும் மாறாது. டயர்தான் காரணம் என்றால் இப்போது முன்சக்கரம் மெதுவாகச் சுற்றும், கணினிக்கு நழுவல் எதுவும் தெரியாது.

காய்ந்த நாளாகப் பார்த்து, அதே விரைவுச்சாலையில், அதே வேகத்தில். எண்கள் அப்படியே தலைகீழாயின, முன்னால் 84, பின்னால் 85. கிளச் உத்தரவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. வெப்பநிலை ஒரு கட்டத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. வழியில் ஒரு போக்குவரத்து விளக்கில் நின்று கிளம்பும்போது மட்டும் உத்தரவு எழும்பி, வேகம் பிடித்ததும் விழுந்தது. கிளச் உயிரோடுதான் இருக்கிறது, சொன்னபடிதான் கேட்கிறது.

இது சோதனைக்கு மட்டும். அப்படியே ஓட்டினால் மொட்டை டயர் பின்னால் இருக்கும். டிசம்பர் மழையில் அதோடு நெடுஞ்சாலைக்குப் போவதை நான் அனுமதிக்க மாட்டேன், அதனால் பட்டறைக்கு வந்ததும் பழையபடியே மாட்டிவிட்டேன்.

எண்ணெயும் உதறலும்

விளக்குக்குக் காரணம் தெரிந்துவிட்டது. டயருக்கு முன்பே இருந்த உதறல்?

முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் உள்வட்டத்திலும் போகின்றன. இந்த அளவுள்ள கார் தன் மிகச் சிறிய வட்டத்தில் திரும்பினால் முன் அச்சு பின் அச்சைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிக தூரம் ஓடுகிறது. டயர் தந்த ஒரு சதவீதம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த 20 சதவீதமும் கிளச் தகடுகளுக்கு நடுவில்தான் வழுக்கியாக வேண்டும். ஸ்டீயரிங் ஒடிந்திருப்பதைப் பார்த்துக் கணினி பிடியைத் தளர்த்தும், ஆனால் சரிவில் கிளம்ப மிதிக்கும்போது கொஞ்சம் பிடி மிச்சமிருக்கும். பலமாடிக் கார்ப்பேட்டையின் வளைவுச் சரிவு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறது: முழு ஒடிப்பு, மேலே ஏறும் மிதி. அந்த மிச்சப் பிடி வழவழவென்று வழுக்க வேண்டும். அதற்கென்றே உராய்வைச் சீராக்கும் மருந்து கலந்த தனி எண்ணெய் இருக்கிறது. மருந்து தீர்ந்துபோனால் தகடுகள் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். டுக்கு டுக்கு அதுதான். பழைய சிஆர்-வி வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் நல்ல பழக்கம். பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றினால் போய்விடும் என்பதும் தெரிந்த விஷயம்.

டீச்சர் எட்டு வருட பில்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தார். எஞ்சின் எண்ணெய் ஒழுங்காக மாறியிருக்கிறது. சிவிடி எண்ணெயும் மாறியிருக்கிறது. கிளச்சும் பங்குபோடும் பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் பற்றி ஒரு வரிகூட இல்லை. எண்ணெய் வடிக்கும் அடைப்பைக் கழற்றியதும் வந்தது கடுங்காப்பி நிறத்தில், கருகிய வாடையோடு. அடைப்பின் நுனியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன்: மைபோல் வழவழப்பு, நெருடவில்லை. அது நல்ல செய்தி. நெருடினாலோ மினுமினுப்பாகத் துகள் தெரிந்தாலோ தகடோ பல்லோ உடைகிறது என்று பொருள்; அப்போது அந்த 4,000 வெள்ளிப் பேச்சை நானே எடுத்திருப்பேன்.

செய்த வேலை

ஒரே நிறுவனம், ஒரே வகை, நான்கு புது டயர். பின் டிஃபரன்ஷியலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய். இதில் சாதாரண கியர் எண்ணெயை ஊற்றினால் உதறல் இன்னும் மோசமாகும். முன்பக்கத்துச் சின்னப் பெட்டியின் எண்ணெயையும் சேர்த்து மாற்றினேன். எக்ஸ்ஹாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சமே எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புது எண்ணெய் தகடுகளுக்குள் ஊறுவதற்காகக் காலி இடத்தில் இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடித்து, வடித்து, மறுபடி நிரப்பினேன். அவ்வளவும் சேர்ந்து கப்ளிங் விலையில் கால்வாசிக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பங்கு டயருக்கு, அதை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

அதே சாலையில் மறுபடி ஓட்டினால் நான்கு சக்கரமும் ஒரே எண், கிளச் உத்தரவு தரையோடு. உதறல் முக்கால்வாசி போய்விட்டது. காலையில் முதல் திருப்பத்தில் மட்டும் லேசாக ஒரு முனகல் மிச்சமிருக்கிறது. எட்டு வருடம் பழைய எண்ணெயில் உராய்ந்த தகடுகள், முழுக்கத் திருந்தாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஈப்போ வரை போய்வந்திருக்கிறார்கள், விளக்கு வரவில்லை.

ஃபியூஸ் யோசனையையும் பேசிவிடலாம். சில கார்களில் அது கிளச்சை நிறுத்தும்தான். கூடவே வழுக்கல் தடுப்பு அமைப்பையும் முடக்கிவிடலாம். வண்டியின் மிக முக்கியமான பாதுகாப்பை அணைத்துவிட்டு மலைப்பாதையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் ஊருக்கு இது தேவையா

என்னிடம் கேட்டால், தீவுக்குள்ளேயே ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. 50 முதல் 80 கிலோ அதிக எடை, கொஞ்சம் அதிக பெட்ரோல், பார்க்க வேண்டிய எண்ணெய் இரண்டு கூடுதல். நம் விரைவுச்சாலை மழையில் விபத்துக்குக் காரணம் கிளம்பும்போது நழுவுவதில்லை; நிற்க முடியாததுதான். நான்கு சக்கர ஓட்டம் பிரேக் தூரத்தை ஓர் அடிகூடக் குறைக்காது. அந்தக் காசை நல்ல டயரில் போடலாம்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பாதையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கொண்டையூசி வளைவில் நின்று கிளம்ப வேண்டி வந்தால் கதை வேறு. எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும், முன்சக்கர வண்டி அங்கேதான் கீச்சிடும். டீச்சர் வருடாவருடம் அங்கே போகிறவர், அவருக்கு இதில் நியாயம் இருக்கிறது. மின்மோட்டார் பின்சக்கரத்தைத் தனியாகச் சுழற்றும் புதிய ஹைபிரிட் கார்களில் ஷாஃப்ட்டே கிடையாது. முன்னையும் பின்னையும் பிணைக்கும் கிளச்சும் இல்லை. இந்த வம்பு பெரும்பாலும் அங்கே ஒழிந்தது.

வண்டியை எடுக்க வந்தபோது டீச்சர் கேட்டார்: “வழியில ஒரு டயர் மட்டும் வெடிச்சா என்ன பண்றது தம்பி? மறுபடி நாலும் வாங்கணுமா?”

மற்ற மூன்றும் ஒரு மில்லிமீட்டர்தான் தேய்ந்திருந்தால் அதே நிறுவனம், அதே வகையில் ஒன்று வாங்கினால் போதும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பல கணினிகள் தாமாகவே பழகிக்கொள்ளும். அதிகம் தேய்ந்திருந்தால் பழைய டயர் விற்கும் கடையில் அதே வகையில், அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேடலாம், ஆனால் தயாரித்த வாரமும் வருடமும் பக்கவாட்டில் குத்தியிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போக விடக் கூடாது. பின்சக்கரம் தரையில் சுற்றினால் ஷாஃப்ட்டும் கிளச்சும் சேர்ந்து சுற்றும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான வண்டியைத்தான் கேட்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, அந்த பில் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.